மூச்சையும் அளந்து பாருங்கள்!

பி.பி. பார்க்கிறோம், சுகர் பார்க்கிறோம். பாதிப் பேர் எதற்காக கிளினிக் படியேறுகிறார்களோ, அந்த மூச்சை மட்டும் யாரும் அளப்பதில்லை. ஆஸ்துமாவும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பும் தெருமுனை மருத்துவரிடமே பிடிபட வேண்டிய நோய்கள். ஏன் பிடிபடுவதில்லை?

2011 பிப்ரவரி 1. நாடு முழுக்க 880 நகரங்களிலும் ஊர்களிலும் உள்ள மருத்துவர்கள், அன்று தங்களிடம் வந்த ஒவ்வொருவரும் என்ன தொந்தரவுக்காக வந்தார் என்று குறித்துவைத்தார்கள். ஒரே நாளில் 2,04,912 பேர். ‘பொசைடன்’ என்று பெயரிடப்பட்ட அந்தக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2015-ல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியாயின. முதலிடம் காய்ச்சலுக்குத்தான் என்று நினைப்போம். காய்ச்சலோடு வந்தவர்கள் நூற்றுக்கு 35 பேர்தான். இருமல், சளி, இளைப்பு என்று மூச்சு சம்பந்தப்பட்ட தொந்தரவோடு வந்தவர்களோ பாதிக்கும் மேல்.

இரண்டு பேரில் ஒருவர் மூச்சுத் தொந்தரவோடு வரும் இடத்தில், டாக்டரின் மேசைமேல் என்ன இருக்கிறது? பி.பி. கருவி இருக்கிறது. குளுக்கோமீட்டர் இருக்கிறது. கொரோனா கொடுத்துவிட்டுப் போன ஆக்ஸிமீட்டரும் இருக்கிறது. மூச்சை ஊதவைத்து அளக்கும் கருவியைப் பல கிளினிக்குகளில் பார்க்கவே முடியாது. அதனால், “சளி கட்டியிருக்கு”, “வீசிங் மாதிரி இருக்கு”, “அலர்ஜி” என்ற பெயர்களோடு நோயாளி வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கிறார். ஒரு ஊசி, நாலு நாள் மாத்திரை, ஒரு பாட்டில் சிரப். அடுத்த பனிக்காலத்தில் மறுபடியும் அதே பெஞ்சு.

பெயர் இல்லாத நோய்

2016-ல் இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் (சி.ஓ.பி.டி.), சுமார் 3.8 கோடிப் பேருக்கு ஆஸ்துமாவும் இருந்ததாக உலக நோய்ச்சுமை ஆய்வு மதிப்பிட்டது. உலக மக்கள்தொகையில் நம் பங்கு 18 சதவிகிதம். நாள்பட்ட மூச்சு நோய்களால் உலகம் இழக்கும் ஆரோக்கியமான வாழ்நாட்களில் நம் பங்கு 32 சதவிகிதம்.

இதைவிடக் கவலை தருவது 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வு. உலகளாவிய ஆஸ்துமா வலைப்பின்னல் இந்தியக் குழந்தைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் நடத்தியது அது. இளைப்பு இருப்பதாகச் சொன்னவர்களில் 82 சதவிகிதம் பேருக்கு ‘இது ஆஸ்துமா’ என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. கடுமையான அறிகுறிகள் இருந்தவர்களிலேயே 70 சதவிகிதம் பேருக்கு அதே நிலை. ஆஸ்துமா என்று மருத்துவர் உறுதி செய்தவர்களில்கூட, தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை எடுத்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

மருத்துவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணம், ‘ஆஸ்துமா’ என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பமே கலங்கிப்போவது. கல்யாண வயதுப் பெண் என்றால் இன்ஹேலர் கைப்பையின் அடியில் ஒளிந்துகொள்ளும். “பெயரைச் சொன்னா அடுத்த தடவை வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க” என்ற பயம் மருத்துவருக்கு. ஆகவே ‘வீசிங்’ என்ற சமரசச் சொல். நோய்க்குப் பெயர் இல்லையென்றால் தொடர் சிகிச்சையும் கிடையாது.

இளைப்பு ஒன்று, நோய் இரண்டு

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் லேசாக வீங்கி, எரிச்சலோடு இருக்கும். தூசு, பனி, வைரஸ் காய்ச்சல், ஊதுபத்திப் புகை, ஓட்டம் என ஏதாவது ஒன்று தூண்டினால் குழாய் சட்டென்று சுருங்கும். மருந்தாலோ தானாகவோ மறுபடி விரியும். அதனால் இந்த நோய் வரும், போகும். இரவிலும் விடியற்காலையிலும் அதிகம் தொல்லை தரும். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். வீட்டில் யாருக்காவது தும்மலோ, தோல் அரிப்போ, இளைப்போ இருக்கும்.

சி.ஓ.பி.டி. வேறு ரகம். வருடக்கணக்கில் உள்ளே போன புகை மூச்சுக்குழாயைத் தடிக்கவைத்து, காற்றுப்பைகளை அழித்துவிடுகிறது. போனது போனதுதான். நாற்பது வயதுக்குப் பிறகு மெதுவாக ஆரம்பிக்கும். முதலில் மாடிப்படியில் இளைக்கும், பிறகு சமதரையில், கடைசியில் சட்டை போடும்போதே இளைக்கும். “வயசாயிடுச்சு, அதான்” என்று நோயாளியும் சொல்வார், வீடும் சொல்லும்.

புகை என்றால் பீடி, சிகரெட் மட்டும்தான் என்று நினைப்பது பெரிய தவறு. 2016-ல் இந்தியாவில் சி.ஓ.பி.டி.யால் ஏற்பட்ட இழப்பில் 53.7 சதவிகிதத்துக்குக் காற்று மாசும், 25.4 சதவிகிதத்துக்குப் புகையிலையும் காரணம் என்கிறது அதே நோய்ச்சுமை ஆய்வு. இந்தக் காற்று மாசில் அடுப்புப் புகையும் அடக்கம். முப்பது வருஷம் விறகடுப்பை ஊதிய ஒரு அம்மா வாழ்நாளில் பீடியைத் தொட்டிருக்க மாட்டார். அவரிடம் “புகை பிடிப்பீங்களா?” என்று மட்டும் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். “என்ன அடுப்பு? எத்தனை வருஷம்?” என்று கேட்டால்தான் நோய் வெளியே வரும். இன்றைக்கும் சமையலுக்கு கேஸ், குளிக்கிற வெந்நீருக்குப் புறக்கடையில் விறகு என்றிருக்கும் வீடுகள் ஏராளம். பஞ்சாலைத் தூசு, கல்குவாரித் தூசு என்று தொழிலையும் கேட்க வேண்டும்.

கொசுவர்த்திச் சுருளும் இந்தப் பட்டியலில் உண்டு. மூடிய அறையில் ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் அளவு, 75 முதல் 137 சிகரெட்டுகள் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த அறையில்தான் கைக்குழந்தையும் தூங்குகிறது.

ஊதிப் பார்த்தால் தெரியும்

ஆஸ்துமாவையும் சி.ஓ.பி.டி.யையும் பிரித்தறியப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. முதல் கருவி, பீக் ஃப்ளோ மீட்டர். ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாய், அதன்மேல் அளவுகோல், நகரும் ஒரு முள். மின்சாரமோ பேட்டரியோ வேண்டாம். மார்ட்டின் ரைட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் உருவாக்கிய மூலக் கருவி 1959-ல் அறிமுகமானது. இன்று நாம் பார்ப்பது அதன் சின்ன வடிவம். விலை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

நோயாளி நிமிர்ந்து நின்று, மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி மூடி, ஒரே வேகத்தில் ‘ஃபூ’ என்று ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகமாக வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். 250 வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூடமால் மருந்தை இன்ஹேலரில் (பஃப்) கொடுத்துக் கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லுங்கள். 320 வந்தால், 28 சதவிகித ஏற்றம். 20 சதவிகிதத்துக்கு மேல் ஏறினாலே ஆஸ்துமாவின் பக்கம் கை காட்டுகிறது என்று பொருள். அன்று தெரியாவிட்டால், கருவியை வீட்டுக்குக் கொடுத்து இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் சொல்லலாம். காலைக்கும் மாலைக்கும் இடையே எண் ஏறி இறங்கினால் அதுவே சாட்சி. நோயாளி நன்றாக இருக்கும் ஒரு நாளில் எண் சரியாக வந்துவிட்டால் ஆஸ்துமா இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இது வந்து போகிற நோய்.

சி.ஓ.பி.டி.யை உறுதிசெய்ய ஸ்பைரோமீட்டர் வேண்டும். மூக்கில் கிளிப் மாட்டி, “இழுங்க, இழுங்க… ஊதுங்க, விடாதீங்க, ஊதிக்கிட்டே இருங்க” என்று தொழில்நுட்பர் குரல் கொடுக்க, நோயாளி ஆறு விநாடியாவது தொடர்ந்து ஊத வேண்டும். மொத்தமாக ஊதிய காற்றில் முதல் விநாடியில் எவ்வளவு வெளியே வந்தது என்பதுதான் கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவிகிதத்துக்குக் கீழேயே நின்றால், அடைப்பு நிரந்தரம். ஊரில் இந்தக் கருவி இல்லையென்றால், நோயாளியை ஒரு முறை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, தொடர் சிகிச்சையை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

அளக்காமல் பெயர் வைப்பதும் ஆபத்துதான். கனடாவில் மருத்துவர்கள் ‘ஆஸ்துமா’ என்று சொல்லியிருந்த பெரியவர்களை மறுபடி முறையாகப் பரிசோதித்தபோது, மூன்றில் ஒருவருக்கு அப்போது ஆஸ்துமா இல்லை. 2017-ல் ‘ஜாமா’ இதழில் வந்த முடிவு அது.

வேறு நோயாகவும் இருக்கலாம்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் நம் ஊரில் முதலில் சளிப் பரிசோதனை. அது சரியான வழக்கம். சிக்கல் அதற்குப் பிறகுதான். ‘டி.பி. இல்லை’ என்று தாள் வந்ததும் நோயாளிக்கு நிம்மதி, மருத்துவருக்கும் நிம்மதி. “அப்படியானால் இருமல் எதனால்?” என்ற கேள்வி அங்கேயே நின்றுபோகிறது. டி.பி. வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் தழும்பு விழுந்து, பின்னாளில் நிரந்தர இளைப்பு வரலாம்.

பி.பி.க்குத் தரும் எனலாப்ரில், ராமிப்ரில் மாத்திரைகளால் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வரும். மாத்திரையை மாற்றினால் இருமல் நின்றுவிடும். ப்ராப்ரனலால் மாத்திரையும், கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமலால் சொட்டு மருந்தும் ஆஸ்துமாக்காரர்களுக்கு இளைப்பைக் கிளப்பிவிடக்கூடியவை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும்.

‘ஈசினோபிலியா’வும் நம்மிடையே புழங்கும் பெயர். யானைக்கால் கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினையால், இரவு இருமலோடு ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் மிக அதிகமாக ஏறும் நோய் உண்மையிலேயே உண்டு. அதற்குத் தனி மாத்திரையும் உண்டு. ஆனால், ஆஸ்துமாவிலும் அந்த அணுக்கள் ஓரளவு கூடும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் கொஞ்சம் அதிகமாக இருந்தது என்பதற்காகப் பத்து வருஷம் ‘ஈசினோபிலியா’ மாத்திரை தின்ற ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள்.

மாத்திரையா, பஃப்பா?

“இன்ஹேலர் வேண்டாம் டாக்டர், பழகிட்டா விட முடியாது. மாத்திரையே குடுங்க.” மூச்சு நோய் பார்க்கும் எல்லா மருத்துவர்களும் கேட்டிருக்கும் வசனம் இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சால்பியூடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து. அதே மருந்து ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை, நாற்பது பஃப்புக்குச் சமம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டு மிச்சம்தான் நுரையீரலுக்கு வருகிறது. அதனால்தான் கை நடுக்கமும் படபடப்பும். பஃப் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. ஸ்டீராய்டுக்கும் இதுதான் விதி. இன்ஹேலரில் இருக்கும் அளவைக் கண்டு பயப்படுபவர்கள், வருடத்துக்கு ஏழெட்டு முறை போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசியைக் கண்டுதான் பயப்பட வேண்டும். சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் அதனால்தான்.

கையடக்க இன்ஹேலர் பிறந்த கதை சுவாரசியமானது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்ஸனின் மகளுக்கு ஆஸ்துமா. ஹேர் ஸ்ப்ரே மாதிரி மருந்தையும் டப்பாவில் அடைத்துத் தர முடியாதா என்று அந்தச் சிறுமி கேட்க, ஒவ்வொரு அழுத்துக்கும் அளவாக மருந்து தரும் முதல் இன்ஹேலர் 1956-ல் விற்பனைக்கு வந்தது.

இன்ஹேலரில் இரண்டு வகை. சுருங்கிய குழாயை உடனே விரிக்கும் நிவாரணி ஒன்று. குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு தடுப்பு மருந்து இன்னொன்று. நிவாரணி ஐந்து நிமிடத்தில் நிம்மதி தரும். தடுப்பு மருந்து வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாது. எனவே, நோயாளி நிவாரணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தடுப்பு மருந்தைக் கைவிட்டுவிடுகிறார். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றாமல், கீழே அண்டா வைத்துக்கொண்டே இருப்பது போலத்தான் இது.

அதன் விலை உயிர். பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் வரலாற்றை ஆராய்ந்து 2014-ல் ஓர் அறிக்கை வந்தது. நிவாரணி வாங்கிவந்தவர்களில் 39 சதவிகிதம் பேர், கடைசி ஒரு வருடத்தில் 12-க்கும் மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்களை வாங்கியிருந்தார்கள். மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல்! யாருமே ‘ஏன்?’ என்று கேட்கவில்லை. இதற்கு நேர்மாறான செய்தி 2000-ல் கனடாவிலிருந்து வந்தது. ஒரு வருடத்தில் கூடுதலாக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா மரண விகிதம் 21 சதவிகிதம் குறைந்தது.

இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில்தான், ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு 2019-ல் ஒரு திருப்பத்தை அறிவித்தது. 12 வயதுக்கு மேற்பட்ட எந்த ஆஸ்துமா நோயாளிக்கும், நோய் எவ்வளவு லேசாக இருந்தாலும், நிவாரணியை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது. அதற்கு மாற்று, பியூடசோனைடும் ஃபார்மோடெராலும் கலந்த ஒரே இன்ஹேலர். இளைப்பு வரும்போது அதை எடுத்தால், குழாய் விரிவதோடு வீக்கத்துக்கும் மருந்து போய்விடும். லேசான ஆஸ்துமாக்காரர்களிடம் 2018-ல் வெளியான ‘சிக்மா’ ஆய்வில், வெறும் நிவாரணி எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்களுக்குக் கடும் தாக்குதல்கள் 64 சதவிகிதம் குறைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்தக் கலவை இருக்கிறது.

கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம்

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால், நோயாளியிடம் “எப்படி எடுக்கறீங்க, செஞ்சு காட்டுங்க” என்று கேட்க வேண்டும். குலுக்காமல் அடிப்பவர் ஒருவர். அடித்துவிட்டுப் பிறகு இழுப்பவர் ஒருவர். இழுத்ததும் உடனே விடுபவர் ஒருவர். காலி டப்பாவை அழுத்திக்கொண்டிருப்பவரும் உண்டு. மருந்து நாக்கில்தான் படிகிறது.

முறை இதுதான்: மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே ஒரு அழுத்து. இழுத்து முடித்ததும் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். பவுடர் கேப்சூல் போட்டு இழுக்கும் கருவி என்றால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும், இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ‘ஸ்பேஸர்’ குடுவை கட்டாயம். அது வாங்க முடியவில்லையா? தென்னாப்பிரிக்காவில் ஹெதர் ஸார் தலைமையிலான குழு, 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் துளை போட்டு இன்ஹேலரைச் செருகி, அதையே ஸ்பேஸராகப் பயன்படுத்திப் பார்த்தது. திடீர் இளைப்போடு வந்த குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் ஸ்பேஸருக்கு இணையாக அந்த பாட்டில் வேலை செய்தது. 1999-ல் ‘லான்செட்’டில் வந்த ஆய்வு இது.

சி.ஓ.பி.டி.க்கு மருந்தைவிடப் பெரிய சிகிச்சை புகையை நிறுத்துவது. நுரையீரல் தேயும் வேகத்தைக் குறைக்க அதற்கு இணையாக ஒன்றும் இல்லை. அறுபது வயதில் நிறுத்தினாலும் பலன் உண்டு. 1800-11-2356 என்ற தேசிய இலவச உதவி எண்ணை பீடி, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்து நடைப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும். பிறகு ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள். டியோட்ரோபியம் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலர்கள் இவற்றோடு சேர்ந்து நடப்பவை. ஆஸ்துமாவில் உயிர் காக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், சி.ஓ.பி.டி.யில் எல்லோருக்கும் தேவைப்படாது. நிமோனியா அபாயத்தைக் கூட்டும். நோயைப் பிரித்தறிவது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

அவசரம் எப்போது?

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா எலும்புக்கு இடையே சதை உள்ளே இழுக்கிறது, நோயாளி சோர்ந்து மயங்குகிறார் – இதில் எது இருந்தாலும் உடனே 108. வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்கவைக்காமல் உட்காரவைத்து, ஸ்பேஸர் வழியாக நிவாரணி நான்கு பஃப், ஒவ்வொன்றாகக் கொடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பவும் கொடுக்கலாம்.

சென்னை காட்டிய வழி

நெஞ்சு நோய் என்றால் சானடோரியத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்றிருந்த காலம் உண்டு. தாம்பரத்தில் 1928-ல் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் இன்றும் ரயில் நிலையம் இருக்கிறது. அந்த எண்ணத்தை உடைத்ததும் இதே சென்னைதான். டி.பி. நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று, 1956-ல் இங்கே தொடங்கிய ‘மெட்ராஸ் ஆய்வு’ நிரூபித்தது. உலகம் முழுக்க டி.பி. சிகிச்சை மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்கு இறங்கிவந்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டிலேயே சிகிச்சை என்ற அந்த வழி இன்றும் தொடர்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டமும் 2023-ல் திருத்தப்பட்டபோது சி.ஓ.பி.டி.யையும் ஆஸ்துமாவையும் சேர்த்துக்கொண்டது. வழி போட்டாகிவிட்டது. வாசலுக்கு வரும் அதே ஊழியரின் பையில் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும், கையில் ஒரு கேள்வித்தாளும் இருந்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் நிவாரணியோடு தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேஸரும் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். கற்றுக்கொடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்க ஒரு செவிலியர் வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஆஸ்துமா இருந்தால், கடந்த நான்கு வாரங்களை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் பகலில் இளைத்ததா? இரவில் இளைப்பால் விழித்தீர்களா? வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நிவாரணி தேவைப்பட்டதா? இளைப்பால் ஏதாவது வேலையைத் தள்ளிப்போட்டீர்களா? நான்கில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் உங்கள் ஆஸ்துமா முழுமையாகக் கட்டுக்குள் இல்லை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கையை நீட்டி பி.பி. பார்க்கச் சொல்வதோடு எழுந்துவிடாதீர்கள். “என் மூச்சையும் அளந்து பாருங்க” என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.